கட்டைக் காற்சட்டைச் சம்பந்தி

1

சம்பந்தி போய்விட்டார். பெயர் றொஸ். என் மகளின் மாமனார். அவுஸ்திரேலியாவில் செம்மறி ஆடு வளர்க்கிற ஒரு சின்ன ஊர். பின்னேரம் வேலிக்குக் கம்பி இழுத்துக்கொண்டு நின்றவர் அப்படியே குந்தினாராம். பிறகு எழும்பவில்லை.

எனக்குப் போக வழியில்லை. பாஸ்போட் காலாவதி. புதியது கைக்கு வருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும். அடக்கத்தைக் கொம்பியூட்டரில் நேரடியாகக் காட்டுவார்களாம். அங்கே மத்தியானம், இங்கே லண்டனில் விடியற்காலை. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நிற்க லீவு கேட்டேன். மேற்பார்வையாளர் நல்ல பிள்ளை.

"செத்தவர் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டாள்.

இங்கிலீசில் சம்பந்திக்குச் சொல் இல்லை. மகளின் புருசனின் தகப்பன் என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"அது நெருங்கின சொந்தத்துக்குள் வராதே."

சரி, என் வருட லீவில் ஒரு நாளைக் கழியுங்கள் என்றேன்.

அன்று இரவு மகள் நிரோஷி போன் எடுத்தாள். அவள் கலியாணம் முடிந்து அடுத்த வருடமே புருசனோடு அங்கே போய்விட்டாள்.

"அப்பா, ஒரு விசயம். றொஸ் முந்தியே சொல்லி வைச்சவராம். தன்ர பியூனரலுக்கு ஒருத்தரும் சூட் போடக் கூடாதாம். கழுத்தில ரை கட்டக் கூடாதாம். எல்லாரும் ஷோர்ட்ஸோட வரட்டாம்."

மாமனாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். மாமா என்று கூப்பிடு பிள்ளை என்று நாங்கள் சொன்னோம். அவர்தான் வேண்டாம் என்றார்.

"செத்தவீட்டுக்குக் கட்டைக் காற்சட்டையோ?"

"ஓம் அப்பா. ஹி வோஸ் லைக் தட். நீங்கள் வீட்டிலதானே நிண்டு பார்க்கப் போறீங்கள். எது போட்டாலும் ஓகே. உங்களை ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் வைத்ததும் டூட்டிங்கில் இருந்து அண்ணை எடுத்தார். என் மூத்த அண்ணை.

"தம்பி, என்ன உடுப்பாம்?"

சொன்னேன். 

"சரி. நான் முதல் நாளே வந்து உங்கட வீட்டில நிக்கிறன்" என்றார். வைத்துவிட்டார்.

அண்ணையைப் பற்றியும் றொஸ்ஸின் காற்சட்டையைப் பற்றியும் எழுதினால்தான் இது விளங்கும். இந்தக் காற்சட்டைக்காகத்தான் ஒரு காலம் என் மகளின் கலியாணத்துக்கே வரமாட்டேன் என்று அண்ணை நின்றார்.

2

நான் கட்டைக் காற்சட்டை கடைசியாகப் போட்டது பள்ளிக்கூடத்தில். மன்னார், பேசாலைப் பக்கம். நீலக் காற்சட்டை, வெள்ளைச் சேட். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஐயா, என் தகப்பன், இடுப்பில் சுற்றிக் கட்டுகிற ஒரு சாரத்தைத் தந்து கடலுக்குக் கூட்டிப்போனார். காற்சட்டை தம்பிக்குப் போனது. எங்களுக்கு அதுதான் கணக்கு. காற்சட்டை போட்டால் பொடியன். சாரம் கட்டினால் ஆம்பிளை.

சாரத்துக்கு இரண்டு உயரம். வேலை செய்யும்போது மடித்து முழங்காலுக்கு மேலே இடுப்பில் செருகுவோம். அது சண்டிக்கட்டு. பெரியவர் எதிரே வந்தால் கை தானாகப் போகும். அவிழ்த்துக் கீழே இறக்கிவிடுவோம். யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. ஐயா நடந்து வருகிற சத்தம் கேட்டாலே சாரம் கீழே வந்துவிடும்.

கரைவலை இழுத்துக்கொண்டு நிற்கும்போது சில நாள் எங்கள் மாதா கோயில் சுவாமியார் கடற்கரைக்கு வருவார். ஒரு கையில் வலைக் கயிறு. மற்றக் கையால் சண்டிக்கட்டை அவிழ்ப்போம். சாரம் தண்ணீரில் விழுந்து நனையும், அலையில் காலைச் சுற்றும்.

"விடுங்கோடா, வலையைப் பாருங்கோ" என்று சுவாமியார் கத்துவார். நாங்கள் விடமாட்டோம். அவர் போனபிறகு நனைந்த சாரத்தைப் பிழிந்து திரும்பவும் மேலே கட்டுவோம்.

லண்டனில் எல்லாருக்கும் நீளக் காற்சட்டை. மடிக்கவும் ஒன்றுமில்லை, இறக்கவும் ஒன்றுமில்லை. நான் பார்க்கிங் என்கிற கிழக்கு லண்டன் ஊரில், பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறேன். வந்த நாளில் இருந்து அந்த வேலைதான். வீட்டில் சாரம். கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் உள்ளே ஓடி நீளக் காற்சட்டை மாட்டிக்கொண்டு வருவேன். பார்சல் கொண்டுவருகிறவனுக்கும் அப்படித்தான். என் மனைவி ஜெசி சிரிப்பாள். "அவன் பெட்டியைத் தந்திட்டுப் போகப் போறான். உங்களைப் பொம்பிளை பார்க்க வரேல்லை" என்பாள்.

அண்ணை என்னைவிட ஒரு படி மேலே. பால் வாங்கப் போனாலும் கோட். பல் பிடுங்கப் போனாலும் ரை.

அதற்குக் காரணம் உண்டு. அண்ணைதான் எங்களில் முதலில் லண்டன் வந்தவர். வந்த புதிதில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை என்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறார். குளிருக்கு ஒரு பழைய கம்பளிச் சட்டை, காலில் பாட்டாச் செருப்பு. வேறு இல்லை. பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் நம் ஆட்களில் ஒருவர், படித்த மனிசன், காலைப் பார்த்தார்.

"என்ன, கடற்கரையில இருந்து நேர ஏறி வந்திட்டீரோ?"

எல்லாரும் சிரித்தார்களாம். அண்ணையும் சிரித்தாராம். அடுத்த கிழமை பழைய உடுப்புக் கடையில் ஒரு கறுப்புக் கோட் வாங்கினார். அதற்குப் பிறகு கோட் இல்லாமல் தெருவில் அண்ணையை யாரும் கண்டதில்லை. இதை அவர் எனக்கு ஒரே ஒரு தரம்தான் சொன்னார். நானும் பிறகு கேட்கவில்லை.

என்னை இங்கே கூப்பிட்டு எடுத்தது அவர். என் கலியாணத்தில் ஐயாவின் இடத்தில் நின்றது அவர். எங்கள் வீட்டில் அவர் இல்லாமல் ஒரு கலியாணம் என்றால் அதைக் கலியாணம் என்று சொல்ல என் வாய் வராது.

3

நிரோஷி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறகு அவளைக் கட்டின டானியலும் அங்கேதான் வேலை. ஒரு பெப்ரவரி மாதம் முதல்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வெளியே உறைபனி. பொடியன் மேலே தடித்த ஜக்கெற் போட்டிருந்தான். கீழே கட்டைக் காற்சட்டை. காலெல்லாம் சிவந்துபோய் இருந்தது.

ஜெசி அவனைப் பார்த்துச் சிரித்தபடியே மகளிடம் தமிழில் கேட்டாள்.

"எடியே, இவனிட்ட நீளக் காற்சட்டை ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு அம்மா. அவங்கள் ஒஸீஸ் அப்படித்தான்."

"அவுஸ்திரேலியாவில வெயில். இஞ்ச பனி. அது இவன்ர காலுக்குத் தெரியாதோ?"

அடுத்த கிழமை ஜெசி ஈஸ்ட் ஹாம் போய் ஒரு நீளக் காற்சட்டை வாங்கிவந்தாள். மருமகனாக வருவானோ இல்லையோ, குளிரில் நிற்கக் கூடாது என்றாள். டானியல் இரண்டு கையாலும் வாங்கினான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதையே போட்டுக்கொண்டு வந்தான். பார்க்கிங் ரயில் ஸ்டேசன் கழிப்பறையில் மாற்றிக்கொண்டு வருகிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு அவன் வைத்த பெயர் 'அன்ரியின் யூனிபோம்'.

அதற்குப் பிறகு நான் லண்டனில் அவுஸ்திரேலியர்களைக் கவனிக்கத் தொடங்கினேன். கண்டுபிடிப்பது லேசு. மற்ற ஆட்கள் கோட் பொத்தான் பூட்டுகிற நாளில் இவர்கள் முழங்காலைக் காட்டிக்கொண்டு போவார்கள். கொஞ்சம் வெயில் வந்தால் பாட்டாச் செருப்பு. பூங்காவில் செருப்பும் இல்லை. அவர்கள் ஊரில் வெறுங்காலோடு கடைக்குள்ளே போய்ப் பாணும் பாலும் வாங்குவார்களாம், கடைக்காரனும் வெறுங்காலோடு நிற்பானாம். நாங்கள் ஊரில் செருப்பு இல்லாமல் வெறுங்காலோடு போனோம். இவர்கள் இருக்கிற செருப்பைக் காரில் விட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது விளங்க நாளெடுத்தது.

4

கலியாணம் சரிவந்தது. ஜூன் மாதம் நாள் குறித்தோம். அதற்கு முன்னம் றொஸ்ஸும் மனைவி ஜூடியும் வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. இரண்டு பகுதியும் முதல் தரம் காண்கிற நாள்.

நான் கலியாணச் சேட் போட்டேன். ஜெசி பட்டுச் சேலை. அண்ணை கறுப்புக் கோட், சிவப்பு ரை, சப்பாத்தில் முகம் பார்க்கலாம். வந்து கதிரை நுனியில் நிமிர்ந்து இருந்தார்.

"தகப்பன் என்ன செய்யிறவர்?" என்று கேட்டார்.

"ஆட்டுப் பண்ணை, அண்ணை."

"காணி பூமி உள்ள ஆக்கள். நாங்கள் குறைஞ்சு நிக்கக் கூடாது."

மணி அடித்தது. கதவைத் திறந்தேன். ஜூடி பூப்போட்ட சட்டை. றொஸ் பெரிய ஆள், சிவந்த கழுத்து, கையில் அகலத் தொப்பி. கொலர் வைத்த சேட். கீழே மண்ணிறக் கட்டைக் காற்சட்டை. வெள்ளைக் கால்மேசு முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தது. காற்சட்டையில் அயன் மடிப்புக் கத்தி மாதிரி நின்றது. அதைக் கண்டேன். அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது.

யாரும் சொல்லாமலே குனிந்து சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். மேசோடு உள்ளே வந்தார். ஜெசிக்கு அது பிடித்துப்போனது. அண்ணை எழுந்து நின்று கை கொடுத்தார். அவர் கண் றொஸ்ஸின் முழங்காலை விட்டு எழும்பவில்லை.

சாப்பாடு நல்லாய்த்தான் போனது. றொஸ் கையாலேயே நண்டு உடைத்துத் தின்றார். தொப்பியை மேசையில் வைக்காமல் முழங்கால் மேலேயே வைத்திருந்தார். மூன்று தரம் கறி வாங்கினார். அண்ணை கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டார். அவர்கள் போனதும் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"கண்டியே தம்பி?"

"என்ன அண்ணை?"

"கலியாணப் பேச்சுக்கு வந்தவன் பள்ளிக்கூடப் பொடியன் மாதிரி வந்து நிக்கிறான். இதே ஒரு டொக்டர் வீட்டுக்கெண்டா இப்பிடிப் போவானோ?"

"அவையள்ற ஊரில அப்பிடியாம் அண்ணை."

"ஊர்க்கதையை விடு. உன்ர மகள் சொல்லியிருப்பாள், நாங்கள் கடல்ல நிண்ட ஆக்கள் எண்டு. கடற்கரைச் சனத்துக்கு இது காணும் எண்டு வந்திருக்கிறான்."

"அப்பிடி இல்லை அண்ணை."

"நான் இந்தக் கலியாணத்துக்கு வரமாட்டன். நீ நடத்து. பிள்ளைக்கு என்ர ஆசீர்வாதம் இருக்கு. ஆனா கோயில்ல அவனுக்குப் பக்கத்தில நிக்க என்னால ஏலாது."

கோட் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணை கத்தியிருந்தால் எனக்குப் பயம் இல்லை. கத்தவில்லை.

நிரோஷி அழுதாள்.

"அப்பா, அது அவற்ர குட் ஷோர்ட்ஸ். ஜூடி மோர்னிங் எழும்பி அயன் பண்ணினவா. லோங் சொக்ஸ் போட்டா அது அவையளுக்கு ட்ரெஸ் அப் பண்ணுறது. பெரியப்பாக்கு நீங்கள் சொல்லுங்கோ."

காற்சட்டையில் நல்ல காற்சட்டை, வேலைக் காற்சட்டை என்று இருப்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"நல்லதோ கெட்டதோ, காற்சட்டை காற்சட்டைதான்" என்றார்.

5

இரண்டு நாள் கழித்து றொஸ் தனியாக வந்தார். உங்கள் இடத்தைக் காட்டுங்கள் என்றார். பார்க்கிங் சந்தைக்குக் கூட்டிப்போனேன். அதே கட்டைக் காற்சட்டை இல்லை, இன்னொன்று, பழையது. அப்போது எனக்கு வித்தியாசம் தெரியத் தொடங்கியிருந்தது.

என் இங்கிலீஸ் கொஞ்சம். அவருடைய இங்கிலீஸ் மூக்கால் வரும். எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன்.

"உன் அண்ணனை நான் மனம் நோகச் செய்துவிட்டேனா, மேட்?"

"நோ. நோ பிராப்ளம்" என்றேன். என்னிடம் இருந்த இங்கிலீஸ் அவ்வளவுதான்.

அவர் நம்பவில்லை. நடந்துகொண்டே தன் ஊரைப் பற்றிச் சொன்னார். அங்கே ஒரு ஆம்பிளை ரை கட்டிக்கொண்டு தெருவில் போனால் இரண்டு கேள்விதானாம். யார் செத்தது? இல்லாவிட்டால், வழக்கு எத்தனை மணிக்கு? குதிரை ஓட்டப் பந்தயம் நடக்கிற நாள் மட்டும் வேறு. அன்றைக்கு ஆட்டுப் பட்டியில் நிற்கிறவனும் மந்திரி மாதிரி உடுப்பான். பொம்பிளைகள் தலையில் இறகு குத்துவார்கள். பொழுதுபட எல்லாரும் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போவார்கள். ஜூடி ஒரு தரம் ஒற்றைச் சப்பாத்தோடு வந்தாளாம். அதைச் சொல்லும்போது தெருவில் நின்று சிரித்தார்.

"உயிரோடு இருக்கிற ஒருவன் வீட்டுக்கு நான் சூட் போட்டுப் போனால் என்ன நினைப்பான்? காணி விற்க வந்திருக்கிறேன் என்று நினைப்பான்."

நான் தலையை ஆட்டினேன். இதை அப்படியே அண்ணையிடம் சொல்ல என்னால் ஏலாது என்று நினைத்தேன். எனக்குக் கதை வராது.

வரும் வழியில் உடைந்த இங்கிலீசில் புதன்கிழமைப் பூசையைப் பற்றிச் சொன்னேன். எங்களில் கலியாணத்துக்கு முன்னம் வீட்டில் இறந்தவர்களுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்பது வழக்கம். ஐயாவுக்கும் அம்மாவுக்கும். சின்னப் பூசை, வேலை முடிந்து பின்னேரம், நாங்கள் மட்டும்தான், நீங்கள் வரவேண்டும் என்றில்லை என்றேன்.

"உன் தகப்பன் எப்படிப் போனார்?"

"சீ" என்றேன். "கோ டு சீ. நொட் கம்."

றொஸ் நின்றார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில், சனம் இடித்துக்கொண்டு போகிற இடத்தில், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு போட்டுக்கொண்டு நடந்தார். 

6

புதன்கிழமை நல்ல வெக்கை. நான் டிப்போவில் இருந்து நேராக வந்தேன், மஞ்சள் ஜக்கெற்றைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு. நிரோஷி ஷிப்ட் முடிந்து ஜீன்ஸோடு வந்தாள். டானியல் ஜெசி வாங்கிக் கொடுத்த காற்சட்டை. அண்ணை வந்தார், கோட்டும் ரையும். கலியாணத்துக்கு வரமாட்டேன் என்றவர் ஐயாவின் பூசைக்கு வராமல் இருப்பாரா?

கோயில் வாசலில் ஒருவர் நின்றார். கறுப்பு சூட். கறுப்பு ரை இறுக்கிக் கட்டி, சேட்டின் கடைசிப் பொத்தான்வரை பூட்டியிருந்தார். சப்பாத்து மினுங்கியது. தொப்பி கக்கத்தில். கழுத்தில் இருந்து வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. கிட்டப் போன பிறகுதான் றொஸ் என்று தெரிந்தது. பக்கத்தில் ஜூடி, கறுப்புச் சட்டையோடு.

அண்ணை படியில் நின்றுவிட்டார். ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

றொஸ் அவரைப் பார்த்தார். தலையை மட்டும் குனிந்தார். உள்ளே போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்தார். அவர்கள் கத்தோலிக்கர் இல்லை. எப்போது எழும்புவது, எப்போது முழங்காலில் நிற்பது என்று எங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். சுவாமியார் ஐயாவின் பெயரைச் சொன்னபோது நான் திரும்பிப் பார்த்தேன். எழுந்து நின்றார். எங்களில் யாரும் எழுந்து நிற்கவில்லை.

முடிந்து வெளியே வந்ததும் அண்ணை நேராக அவரிடம் போனார். அண்ணையின் இங்கிலீஸ் நல்ல இங்கிலீஸ்.

"இன்றைக்கு ஏன் சூட்?"

"உங்கள் அப்பாவின் நாள்" என்றார் றொஸ்.

"நீங்கள் அவரைக் கண்டதில்லையே."

"இல்லை. இனிக் கை குலுக்கவும் ஏலாது. அதற்குப் பதிலாக இது."

அண்ணை ஒரு அடி முன்னே வந்தார். கையை நீட்டினார். றொஸ் தன் வேர்த்த கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

பிறகு அண்ணையும் நானும் ஸ்டேசனுக்கு நடந்தோம். பாதி வழியில் அண்ணை கோட்டைக் கழற்றி முழங்கையில் போட்டார். தெருவில், எல்லாரும் பார்க்க. நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

"தம்பி."

"என்ன அண்ணை?"

"கடற்கரையில ஐயா வந்தா நாங்கள் என்ன செய்வம்?"

"சண்டிக்கட்டை அவிழ்த்து இறக்கி விடுவம்."

"ம்." கோட்டை மற்றக் கைக்கு மாற்றினார். "அவன் இறக்கி விட்டிட்டான்ரா. ஐயாவுக்கு. என்ர ஐயாவுக்கு."

 நான் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டேசன் வாசலில் ரயில் கார்டைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"சனிக்கிழமை கோயிலுக்கு எத்தினை மணிக்கு நிக்க வேணும்?"

7

கலியாணம் நல்லாய் நடந்தது. றொஸ் அதே சூட்தான். அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். படத்தில் அண்ணையும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். சாப்பாடு முடிந்து பாட்டுப் போட்டதும் றொஸ் முதலில் ரையைக் கழற்றினார், பிறகு கோட்டை, பிறகு சப்பாத்தை. அண்ணை ரையைக் கொஞ்சம் தளர்த்தினார். அவருக்கு அது பெரிய விசயம்.

அடுத்த நாள் காலை நான் பின்வளவில் சட்டி பானை கழுவிக்கொண்டு நின்றேன். சாரம், சண்டிக்கட்டு. பக்கத்துக் கதவால் றொஸ் வந்துவிட்டார். என் கை தானாகப் போனது. சாரத்தை இறக்கிவிட்டேன்.

"நில்லு, நில்லு" என்றார். "அதைத் திரும்பச் செய்."

மேலே கட்டினேன். இறக்கினேன். திரும்பக் கட்டச் சொன்னார். சிரித்துக்கொண்டே இருந்தார்.

"உன்னிடமும் ஷோர்ட்ஸ் இருக்கிறது, மேட். உன் ஷோர்ட்ஸ் நீளமாகவும் வரும். நாங்கள் அதற்கு இரண்டு வாங்க வேண்டும்."

ஒரு புதுச் சாரம் கொடுத்தேன். அங்கே போய் பெல்ட் கட்டிப் போட்டுக்கொண்டு நிற்கிற படம் வந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவார். இரண்டு பேருக்கும் கதைக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. மழையா என்று கேட்பார். ஓம் என்பேன். ஆடுகள் எப்படி என்று கேட்பேன். கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி.

"இன்றைக்கு மேலேயா, கீழேயா?"

"மேலே" என்பேன்.

"நல்லது" என்பார். வைத்துவிடுவார்.

அண்ணையிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். ஆனால் அவரைச் சாரத்தோடு வீட்டுக்கு வெளியே யாரும் கண்டதில்லை. தன் வீட்டில்கூட வேட்டியோ சாரமோ கட்டுவாரோ, எனக்குத் தெரியாது.

8

நேற்றுப் பின்னேரம் அண்ணை வந்தார். கோட், ரை, கையில் ஒரு பை. விடிந்ததும் கறுப்பு ரை கட்டுவார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

நான் ஈஸ்ட் ஹாமில் ஒரு கட்டைக் காற்சட்டை வாங்கி வைத்திருந்தேன். சம்பந்தி கேட்டதைச் செய்யவேண்டும் என்றுதான். இன்று விடியற்காலை போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். நரைத்த தலையோடு ஒரு பள்ளிக்கூடப் பொடியன் நின்றான். ஜெசி வந்து பார்த்தாள். சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கழற்றிவிட்டு நீளக் காற்சட்டையைத் தேடினேன். எது சரி என்று தெரியவில்லை. அவர் வேண்டாம் என்றதைப் போடுவதா, எனக்கு ஏலாததைப் போடுவதா?

அறைக் கதவு திறந்தது. அண்ணை வந்தார்.

வெள்ளைச் சேட். நீலக் கட்டம் போட்ட சாரம், கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. முழங்காலுக்கு மேலே சண்டிக்கட்டு. கால் மெலிந்துபோய் இருந்தது. இடது கணுக்காலில் திருக்கை முள் குத்தின தழும்பு அப்படியே இருந்தது. ஐயாவின் வள்ளத்தில் இருந்து அவரைத் தூக்கி இறக்கின நாள் எனக்கு நினைவு. அந்தக் காலை அதற்குப் பிறகு லண்டனில் நான் காணவேயில்லை.

"என்ன பார்க்கிறாய்?" என்றார். "அவன் சொன்ன உயரம் இதுதானே?"

நான் உள்ளே போய்ச் சாரம் கட்டினேன். மேலே மடித்துச் செருகினேன்.

ஜெசி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை. மகள் சொல்லித் தந்தபடி கொம்பியூட்டரைத் திறந்தேன். ஒரு சின்னக் கோயில், தகரக் கூரை, வெளியே காய்ந்த புல். ஊர்ச் சனம் முழுக்கக் கட்டைக் காற்சட்டை. சிலர் கால்மேசுகளை முழங்கால்வரை இழுத்துவிட்டிருந்தார்கள். அயன் மடிப்புத் தெரிந்தது. எல்லாரும் தங்கள் நல்ல காற்சட்டையில் வந்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. டானியல் முன்னுக்கு நின்றான். தகப்பனின் மண்ணிறக் காற்சட்டை. அவனுக்கு இடுப்பில் பெரிது. நிரோஷி அவன் கையைப் பிடித்திருந்தாள். பெட்டிக்கு மேலே அகலத் தொப்பி.

பேசினார்கள், பாடினார்கள். அண்ணை கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பாதி எனக்கு விளங்கவில்லை. இடையில் எல்லாரும் சிரித்தார்கள். ஒற்றைச் சப்பாத்துக் கதையாக இருக்க வேண்டும்.

பிறகு பெட்டியைத் தூக்கினார்கள். வெளியே நின்ற ஆம்பிளைகள் தொப்பியைக் கழற்றினார்கள். பெட்டி கமெராவுக்குக் கிட்ட வந்தது.

அண்ணை எழுந்து நின்றார். கை இடுப்புக்குப் போனது. சண்டிக்கட்டை அவிழ்த்தார். சாரம் காலடிவரை விழுந்தது.

நானும் இறக்கிவிட்டேன்.